பொட்டு வைத்த முட்டை

சூரைக்காட்டில் ஓர் இலந்தைப் புதருக்குள் பூவாத்தா என்ற காட்டுக்கோழி அடைக்கூடு வைத்திருந்தாள். உட்கார்ந்து அடைகாக்க முடியாத தாய்மார்கள் தங்கள் முட்டைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். கௌதாரி முட்டை, காடை முட்டை, ஆட்காட்டி முட்டை எல்லாம் அவள் வயிற்றுக்கடியில் ஒன்றாகக் கிடக்கும். பொரித்ததும் அவரவர் வந்து குஞ்சைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கூலி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எந்த மரத்தடியில் கறையான் புற்று இருக்கிறது என்று காதோடு சொல்லிவிட்டுப் போனால் போதும்.

அடைகாப்பது சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று யாராவது சொன்னால் பூவாத்தாவுக்குக் கோபம் வந்துவிடும். சூடு குறையக் கூடாது. மழைச் சாரல் படக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவையாவது ஒவ்வொரு முட்டையையும் அலகால் புரட்டிவிட வேண்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் உள்ளே இருக்கும் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது வெளியே வரவே முடியாது.

இதில் பூவாத்தா கெட்டிக்காரி. பேசிக்கொண்டே புரட்டுவாள். தூங்கிக்கொண்டே புரட்டுவாள். அவள் கூட்டில் கூமுட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்தக் காட்டுக் குளத்தங்கரையில் ஒரு பெரிய பாறை இருந்தது. படப்பாறை என்று பெயர். தேன் விற்கும் கரடி, முள் எடுத்துவிடும் மரங்கொத்தி, பொந்து தோண்டித் தரும் எலி என்று தொழில் செய்கிற எல்லாரும் அதில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படம் போட்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் சேற்றில் காலை நனைத்து, படத்துக்குக் கீழே ஒரு தடம் வைப்பார்கள். யார் பக்கத்தில் தடம் அதிகமோ, அவர்கள் வாசலில் கூட்டமும் அதிகம்.

பூவாத்தாவுக்கு அதில் பக்கம் இல்லை. "என் வேலைதான் எனக்குப் படம்" என்று இருந்துவிட்டாள்.

அந்த வருஷம் குளத்துக்கு அக்கரையில் ஒரு பெட்டை மயில் புதிதாக அடைக்கூடு திறந்தாள். புருஷன் உதிர்த்த தோகையை எல்லாம் பொறுக்கி வந்து கூட்டைச் சுற்றி நட்டாள். அதை அப்படியே பாறையில் படமாகப் போட்டாள். ஒரே வாரத்தில் பூவாத்தாவின் வாடிக்கைக்காரிகள் மூன்று பேர் முட்டையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள்.

"ஏண்டி, நான் என்ன குறை வெச்சேன்?" என்று ஒரு காடையை வழிமறித்துக் கேட்டாள் பூவாத்தா.

"உங்க மேல குறையே இல்லக்கா! ஆனா அங்க தினமும் படம் போடறாங்க. தண்ணி குடிக்கப் போறப்ப என் முட்டையைப் பாத்துக்கறேன். உங்ககிட்ட விட்டா பொரிக்கற வரைக்கும் என்ன ஆச்சோ ஏது ஆச்சோன்னே இருக்கு!"

பூவாத்தா வழியை விட்டாள். பெற்றவள் மனசு அப்படித்தானே இருக்கும்!

மறுநாளே சுறுக்கி என்ற அணில் வந்து சேர்ந்தாள். பாறையில் பாதிப் படங்கள் அவள் வரைந்தவை. வாலைச் செம்மண்ணில் தோய்ப்பாள், மஞ்சள் குழம்பில் தோய்ப்பாள், கரியில் புரட்டுவாள். ஒரு வீச்சில் படம் முடிந்துவிடும்.

"அக்கா, உங்க வேலை நல்ல வேலை. ஆனா புதருக்குள்ள செய்யறீங்களே!"

"பின்ன? நடுப்பாதையில உக்காந்து அடைகாக்கச் சொல்றியா?"

"கோவப்படாதீங்க! நீங்க புதருக்குள்ளயே இருங்க. நான் உங்களைப் பாறைக்குக் கொண்டு போறேன். முதல்ல ஒரு பேரு. 'பூவாத்தா அடைக்கூடு'. எல்லாப் படத்துக்கும் ஒரே செவப்புக் கரை போடுவேன். தூரத்துல வரப்பவே உங்க படம்னு தெரியணும். விடியக்காலம் மான் கூட்டம் வரப்ப ஒரு படம். உச்சிப்பொழுதுல ஒண்ணு. சாயங்காலம் ஒண்ணு. யாராவது கேள்வி கேட்டா பாறைப் பக்கம் இருக்கற நம்ம கிளி வந்து சொல்லும். நீங்க பதில் சொல்லணும். முகம் கொடுத்துப் பேசற கடையைத்தான் நாலு பேரு நம்புவாங்க!"

கேட்கக் கேட்கப் பூவாத்தாவுக்கு ஆசை வந்தது. "இத்தனைக்கும் உனக்கு நான் என்ன செய்யணும்?"

"அந்த இலந்தைப் பழம் எல்லாம் எனக்கு!"

"அவ்வளவுதானா? எடுத்துக்க!"

முதல் நாள் பதினொரு முட்டைகளின் படம் போட்டார்கள். இருபது தடம் விழுந்தது. இரண்டாம் நாள் முப்பது. மயில் கூட்டின் படத்துக்குக் கீழே இருநூறு இருந்தது.

மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் மாராயி என்ற கௌதாரி, ஓடாமல் பறக்காமல், காய்ந்த இலைமேல் அடி படாமல் மெல்ல வந்தாள். இலையில் பொதிந்து ஒரே ஒரு முட்டையை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஆறு போட்டேன். கீரி வந்து அஞ்சைத் தின்னுடுச்சு. இது ஒண்ணு மட்டும் உழவுச் சால்ல உருண்டு போய்த் தப்பிச்சுது."

"அடப் பாவமே!"

"அந்தக் கீரிக்கு என் வாசனை தெரியும். நான் எங்க உக்காந்தாலும் தேடி வந்துடும். எனக்கு வயசாச்சுக்கா. இனி முட்டை வைப்பேனான்னு தெரியல. இதை மட்டும் காப்பாத்திக் குடுத்துடுங்க!"

பூவாத்தா இறக்கையை விரித்து முட்டையை உள்ளே இழுத்துக்கொண்டாள். "என் சொந்த முட்டை மாதிரி பாத்துக்கறேன். நீ அழாம போ கண்ணு."

"நான் இங்க வந்து வந்து பாக்க முடியாதுக்கா. என் பின்னாலயே கீரியும் வந்துடும்."

"வர வேண்டாம். சாயங்காலம் குளத்துக்குப் போ. கூட்டத்தோட நின்னு பாறையைப் பாரு. உன் பிள்ளை அதுல இருக்கும்!"

மாராயி அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு போனாள்.

இந்தக் கதையைக் கேட்டதும் சுறுக்கியின் வால் புசுபுசுவென்று நிமிர்ந்தது. "அக்கா! இதைத்தான் போடணும்! ஆறுல அஞ்சு போச்சு, ஒண்ணுதான் மிச்சம்! பாக்கறவங்க கண்ணுல தண்ணி வரும். கண்ணுல தண்ணி வந்தா காலு தானா சேத்துக்குப் போகும்!"

"அவ துக்கத்தைப் பாறையில போடறதா?"

"அவ பேரைப் போட மாட்டேன். முட்டையை மட்டும் போடறேன். அவளும் பாத்துச் சந்தோஷப்படுவா இல்ல?"

அதுவும் சரிதான் என்று பட்டது பூவாத்தாவுக்கு. பன்னிரண்டு முட்டையும் கலந்துவிடக் கூடாதென்று சுறுக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். காடை முட்டைக்கு மஞ்சள், ஆட்காட்டி முட்டைக்குக் கரி. மாராயியின் முட்டைக்கு நடு நெற்றியில் வைத்தது போலச் சிவப்புப் பொட்டு. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அன்று சாயங்காலம் பாறையில் நூறு தடம் விழுந்தது. "பாவம், பத்திரமா இருக்கணும்!" என்று முயல்கள் உச்சுக்கொட்டின. கூட்டத்தின் கடைசியில் மாராயி நின்றிருந்தாள். சிவப்புப் பொட்டைக் கண் கொட்டாமல் பார்த்தாள். அவள் மட்டும் தடம் வைக்கவில்லை. வைத்தால் கீரி மோப்பம் பிடித்துவிடும்.

மறுநாள் பூவாத்தா வழக்கம்போல முட்டைகளைப் புரட்டிவிட்டாள். சுறுக்கி வந்தாள். கூட்டில் என்ன இருந்ததோ அதை வரைந்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் கிளி அலறிக்கொண்டு வந்தது.

"பூவாத்தா! பாறையில ஒரே ரகளை! பொட்டு வெச்ச முட்டை ஒண்ணைக்கூடக் காணோமாம்! வேற முட்டையை மாத்தி வெச்சிட்டாங்கன்னு காடைம்மா கத்தறா! அந்தச் செவப்புப் பொட்டு முட்டையை யாரோ தின்னுட்டாங்கன்னு பேச்சு. ஒரு கௌதாரி மயங்கி விழுந்துட்டா!"

"அய்யோ, புரட்டினா பொட்டு அடியில போகாதா? இது தெரியாதா அவங்களுக்கு?"

"தெரிஞ்சவங்க எத்தனை பேரு அக்கா?" என்றாள் கிளியின் பின்னாலேயே ஓடிவந்த சுறுக்கி. "பாக்கறவங்களுக்குப் பொட்டுதான் முட்டை. பொட்டு மேலதான் இருக்கணும். நான் வரைஞ்சிட்டுப் போனப்புறம் புரட்டிக்கங்க."

மாராயி மயங்கி விழுந்தது பூவாத்தாவின் மனசை என்னமோ செய்தது. அவசர அவசரமாகப் பொட்டுகளை மேலே திருப்பினாள். உடனே புதுப் படம் போட்டார்கள். ரகளை அடங்கியது.

சுறுக்கி வரைந்துவிட்டுப் போனதும் புரட்டலாம் என்றுதான் பூவாத்தா நினைத்தாள். ஆனால் ஒரு படம் முடிந்தால் அடுத்த படத்துக்கு நேரமாகிவிடும். நடுவில் கிளி வந்து வரிசையாகக் கேள்விகள் சொல்லும். 'உங்க கூட்டுல என்ன பஞ்சு போடறீங்க?' 'உங்க இறக்கை எப்படி இப்படி மினுங்குது?' அதற்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்ல வேண்டும். புரட்டினால் மறுபடி பன்னிரண்டு பொட்டையும் தேடித் திருப்ப வேண்டும். இருட்டிய பின் செய்யலாம் என்றால், எது எந்தப் பக்கம் போனது என்று கண்ணுக்குத் தெரியாது.

'நாளைக்கு நல்லாப் புரட்டிடலாம்' என்று நினைப்பாள். நாளையும் அப்படியே போகும்.

மற்ற முட்டைகளாவது அவள் எழுந்து உட்காரும்போது காலில் இடறி அப்படி இப்படி உருண்டன. அவற்றின் பொட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் யாரும் கவலைப்படவில்லை. எல்லார் கண்ணும் சிவப்புப் பொட்டின் மேல்தான். அதனால் அந்த முட்டையை நடுவில் வைத்து, அசையாமலிருக்க இலவம்பஞ்சால் சுற்றி முட்டுக்கொடுத்தாள் சுறுக்கி.

"இப்ப பாருங்க! தொட்டில்ல படுத்த ராஜா மாதிரி இல்ல?"

"ஆமாண்டி! அப்படியே இருக்கட்டும்!" என்று பூவாத்தாவும் சிரித்தாள்.

தடங்கள் நூறு இருநூறாயின. இருநூறு நானூறாயின. யானைக் குட்டி ஒன்று வைத்த தடத்தில் பக்கத்திலிருந்த மயிலின் படமே பாதி மறைந்துபோனது! மயில் கூட்டுக்குப் போன காடை திரும்பி வந்து, "இடம் இருக்கா அக்கா?" என்று தலையைச் சொறிந்தாள்.

பத்தாம் நாள் கிளி ஒரு கேள்வி கொண்டுவந்தது. "ஓர் ஆட்காட்டி கேக்கறா. 'தினமும் அந்தச் செவப்புப் பொட்டு ஒரே மாதிரி மேலயே இருக்கே, முட்டையைப் புரட்டறதில்லையா?'ன்னு."

பூவாத்தாவுக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தாள். அதற்குள் சுறுக்கி குறுக்கே பாய்ந்தாள்.

"இதுக்குப் பதிலே சொல்லாதீங்க! புரட்டலன்னு சொன்னா மானம் போச்சு. புரட்டறோம்னா பொய். கிளியே, இந்தக் கேள்வி எங்க காதுலயே விழல. புரிஞ்சுதா?"

கிளி பூவாத்தாவைப் பார்த்தது. "என்ன சொல்றீங்க?"

அந்த நேரத்தில் பஞ்சை விலக்கி ஒரு புரட்டு புரட்டியிருக்கலாம். அலகால் ஒரே ஒரு தள்ளு. ஆனால் சாயங்காலப் படத்துக்கு நேரமாகிவிட்டது. குளத்தங்கரையில் கூட்டம் சேருகிற சத்தம் புதர் வரைக்கும் கேட்டது.

"காதுல விழலன்னே இருக்கட்டும்" என்றாள் பூவாத்தா.

மாராயி முட்டையை விட்டுப்போன பதினெட்டாம் நாள் முட்டைகள் பொரிக்கத் தொடங்கின. காடே திரண்டு இலந்தைப் புதரைச் சுற்றி நின்றது. சுறுக்கி மூன்று வண்ணமும் குழைத்து வைத்துக்கொண்டு கிளையில் தயாராக இருந்தாள். முதலில் காடைக் குஞ்சு வந்தது. பிறகு ஆட்காட்டிக் குஞ்சுகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஆரவாரம் செய்தது. மத்தியானத்துக்குள் பதினொன்றும் வந்துவிட்டன.

மாராயி சுற்றுவழியாக வந்து புதரின் பின்புறம் ஒடுங்கி நின்றாள். "அக்கா, என்னோடது?"

"இப்ப வந்துடும் கண்ணு."

பூவாத்தா பஞ்சை விலக்கி முட்டையில் காதை வைத்தாள். உள்ளே 'டக்' என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டக்'.

"தட்டுது!" என்றாள் மாராயி. அவளுக்கும் கேட்டுவிட்டது. "என் பிள்ளை தட்டுது!"

"தட்டுதாம்! தட்டுதாம்!" கூட்டம் குதித்தது. சுறுக்கி பாறைக்கு ஓடி, விரிசல் விட்ட முட்டையை முன்கூட்டியே வரைந்துவிட்டாள். சேற்றில் கால் நனைக்க நான் நீ என்று போட்டி.

ஆனால் முட்டையில் விரிசல் விழவில்லை. மூன்றாவது தட்டலுக்கு வெகுநேரம் ஆனது. அது மிக மெல்லியதாக இருந்தது. உள்ளே ஏதோ திரும்ப முயல்வது போலவும், திரும்ப முடியாதது போலவும் ஒரு சின்ன உரசல். அப்புறம் அதுவும் நின்றது.

"அக்கா?"

பூவாத்தா சூட்டைக் கொடுத்துப் பார்த்தாள். மூச்சை ஊதிப் பார்த்தாள். பொழுது சாய்ந்தது. மிச்சமிருந்த கூட்டமும் ஒவ்வொருவராகக் குளத்துக்குப் போய்விட்டது. கடைசியில் அவளே அலகால் ஓட்டை உடைத்தாள்.

குஞ்சு முழுசாக வளர்ந்திருந்தது. இறகு, நகம், கண்ணிமை எல்லாம் இருந்தன. ஒரு பக்கம் மட்டும் ஓட்டோடு ஒட்டிப்போயிருந்தது. அது சிவப்புப் பொட்டு வைத்த பக்கம்.

மாராயி ஒட்டிப்போன பக்கத்தைப் பார்த்தாள். அவளும் முட்டை வைத்துப் பொரித்தவள்தானே, தெரியாதா!

"புரட்டலையா அக்கா?" என்று கேட்டாள்.

பூவாத்தாவிடம் நூறு பதில் இருந்தது. நீ மயங்கி விழுந்தாயே, உனக்காகத்தானே பொட்டை மேலே வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பத்தாம் நாள் ஆட்காட்டி கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது.

"புரட்டல கண்ணு" என்றாள். "புரட்டணும்னு தெரியும். தெரிஞ்சும் புரட்டல."

மாராயி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான் தினமும் அந்தப் பொட்டைப் பாத்துப் பாத்துச் சந்தோஷமா வீட்டுக்குப் போனேன்" என்று மட்டும் சொன்னாள். குஞ்சை இலையில் பொதிந்தாள். வந்த வழியே மெல்ல நடந்து போனாள். இப்போது கீரிக்குப் பயந்து ஒளிய வேண்டிய அவசியம்கூட அவளுக்கு இல்லை.

பாறையிலிருந்து திரும்பிக் கிளையில் உட்கார்ந்திருந்த சுறுக்கி தொண்டையைச் செருமினாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. "அக்கா... இதையும் ஒரு படமா..."

"போ!" என்றாள் பூவாத்தா. அவள் அதுவரை அப்படிக் கத்தியதே இல்லை. சுறுக்கி வாலைச் சுருட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவிப் போய்விட்டாள்.

மறுநாள் பொழுது விடியும்போது புதர் வாசலில் தாய்மார்கள் வரிசை நின்றது. அக்கரையிலிருந்துகூட வந்திருந்தார்கள். விரிசல் விட்ட முட்டையின் படத்தை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதற்கு மட்டும் ஆயிரம் தடம்!

"எங்க முட்டைக்கும் அதே மாதிரி செவப்புப் பொட்டு வெச்சிடுங்க அக்கா!" என்றாள் முன்னால் நின்ற இளம் காடை.

பூவாத்தா எழுந்து வெளியே வந்தாள். "அந்த முட்டை பொரிக்கல. குஞ்சு உள்ளயே செத்துப்போச்சு. படம் அழகா இருக்கணும்னு நான் புரட்டாம விட்டேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இடம் இல்லன்னா நேராச் சொல்லுங்களேன்! எதுக்கு இப்படி ஒரு கதை?"

"நான் சொல்றது நிஜம்!"

"நாங்கதான் கண்ணால பாத்தோமே! விரிசல் விட்டிருந்துச்சே!"

"அது பாறையில விழுந்த விரிசல். முட்டையில விழல."

யாரும் நம்பவில்லை. பெரிய ஆளாகிவிட்டாள், அதனால்தான் பிகு பண்ணுகிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள். இளம் காடை மட்டும் தன் முட்டையைக் கூட்டு வாசலில் வைத்துவிட்டு, "நீங்க என்ன சொன்னாலும் சரி, உங்க படத்தை நம்பித்தான் வந்தேன்" என்று நின்றாள்.

பூவாத்தா அந்த முட்டையை அலகால் மெல்லத் தள்ளி, அவள் காலடியிலேயே கொண்டுபோய் விட்டாள்.

"அதனாலதாம்மா என்னால இதை எடுக்க முடியாது" என்றாள்.

பார்க்க வருகிறவர்கள் ஆயிரம் பேரானாலும், அவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டுமென்று, நம்பி ஒப்படைத்த ஒருவருக்குச் செய்ய வேண்டிய வேலையில் ஒரு சிறு பங்கைக்கூட விட்டுவிடக் கூடாது.